பொதி மாடு போருக்குப் போன கதை

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உப்பு அம்பாரங்கள் தெரிய ஆரம்பித்தால் எனக்கு வண்டியை நிறுத்தத் தோன்றும். போன கோடையில் அப்படி நிறுத்தி, ஒரு லாரியில் உப்பு ஏற்றுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து, சாய்த்து வைத்த பலகைமேல் ஏறிக் கொட்டினார்கள். பாரம் ஏற ஏற லாரி டயர் அமுங்கியது. டிரைவர் குனிந்து, லாரிக்கு அடியில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

ஸ்டெப்னியைக் கண்டதும் ஔவையார் நினைவு வந்தது. புறநானூற்றில் அவர் அதியமான் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகரான உமணர் தங்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு வண்டி கரடுமுரடான வழியில் போவது. அச்சு எங்கே முறியும் என்று சொல்ல முடியாது. அதனால் கையோடு ஒரு மாற்று அச்சு. ஓர் அரசனைப் புகழ உப்பு வண்டியின் உதிரி உறுப்பை எடுத்தாள்கிற அளவுக்கு அந்த வண்டிகள் அன்றைய மக்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். அந்தப் பாட்டிலும் உமணர் வண்டி வரிசை உண்டு.

ஊரார் வண்டியையும் மாட்டையும் போருக்குக் கொண்டுபோகும் வழக்கம் எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், நம் பக்கத்தில் அந்தத் தேடல் இந்த உப்புப் பாதையில் வந்து முடிகிறது. கடலோரத்து உப்பு உள்நாட்டுக்கு ஏறும்; உள்நாட்டுத் தானியம் கடலோரத்துக்கு இறங்கும். உமணருக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் இந்தச் சுமையைத் தூக்கியவர்கள் உப்புக் குறவர்களும் லம்பாடிகளும். உப்பைக் குறிக்கும் லவணம் என்ற வடசொல்லிலிருந்தே லம்பாடி என்ற பெயர் வந்தது என்று ஒரு கருத்து உண்டு. உப்புக் குறவர் பெயருக்கு விளக்கமே தேவையில்லை.

படைக்கு ஏன் இவர்கள் தேவைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பத்தாயிரம் பேர் கொண்ட படை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி. பத்து நாளைக்கு நூறு டன். ஒரு மாடு நூறு கிலோ சுமக்கும் என்று வைத்தால் அரிசிக்கு மட்டும் ஆயிரம் மாடு. படைக்குப் பின்னால் வரும் சமையல்காரர், புல்லறுப்பவர், கூடாரம் தூக்குபவர், கடைக்காரர் எல்லாம் சிப்பாய்களைப் போலப் பல மடங்கு. பீரங்கி இழுக்க வேறு மாடு வேண்டும். இத்தனை மாட்டையும் சமாதான காலத்தில் கட்டித் தீனி போட எந்தக் கஜானாவாலும் முடியாது. ஆகவே ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

லம்பாடிகளின் கூட்டத்துக்குத் தாண்டா என்று பெயர். அவர்களுக்கு வண்டி கிடையாது, ஆகவே சாலையும் வேண்டாம். மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கும் கோணிப் பொதி. அந்தக் கோணியை நெய்வதும் அவர்களே. மாடுகள் போகிற வழியிலேயே மேய்ந்துகொள்ளும் என்பதால் தீனிச் செலவு இல்லை. முன்னே போகும் தலைமாட்டின் கொம்பிலும் கழுத்திலும் சோழியும் மணியும் மயிற்பீலியும். அந்தி சாய்ந்தால் பொதிகளை இறக்கி வட்டமாக மதில்போல அடுக்குவார்கள். மாடுகள் உள்ளே, நாய்கள் வெளியே காவல். விடிந்ததும் அதே மதில் மறுபடி மாட்டு முதுகில் ஏறிவிடும். ஒரு கோட்டையையே மடித்து எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி 1632-ல் வடக்கே ஒரே தாண்டாவில் பதினாலாயிரம் மாடுகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சு வைர வியாபாரி தாவெர்னியே, இவர்கள் நான்கு பிரிவாக இருந்து ஆளுக்கொரு சரக்கு என்று கோதுமை, அரிசி, பருப்பு, உப்பு சுமந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். முகலாயப் படைகள் தெற்கே இறங்கியபோது அவற்றுக்குத் தானியம் சுமந்துகொண்டு தாண்டாக்களும் இறங்கின.

கூனிமேட்டுக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை. 1690-லிருந்து 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் அதை முற்றுகையிட்டுக் கிடந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1680-களில் கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தார்கள். ஆங்கில ஏடுகளில் ஊர்ப் பெயர் 'கொனிமீர்' என்று சிதைந்து கிடக்கும். 1690-ல் கடலூர் அருகே கோட்டை கைக்கு வந்த பிறகு இந்த ஊரின் முக்கியத்துவம் குறைந்தது. செஞ்சி முற்றுகையில் என்னை உறுத்துவது 1692-ன் முடிவு. சந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் வந்து, தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கிப் பட்டினி கிடந்தார்கள். சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பாதை அடைபட்டால் எத்தனை பெரிய படைக்கும் அவ்வளவுதான்.

1780-ல் ஹைதர் அலி கர்நாடகச் சீமைக்குள் புகுந்தபோது இதைத் தெரிந்தே செய்தார். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களை எரித்தார். கால்நடைகளை மைசூருக்கு ஓட்டிச் சென்றார். அடுத்த வருடம் ஆங்கிலத் தளபதி அயர் கூட் படையோடு கிளம்பினால் இழுக்க மாடில்லை, சுமக்க மாடில்லை. கடற்கரையை விட்டு விலக முடியாமல், கப்பலில் வரும் அரிசியை நம்பி அவர் ஒட்டி ஒட்டி நகர வேண்டியிருந்தது. இந்தக் கரையில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும்; அலை உடையும் இடத்தைத் தாண்டி மூட்டையைக் கரை சேர்ப்பது, கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளின் வேலை. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் பிளந்துவிடும்; தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் பெற்ற வெற்றியை எல்லா வரலாற்றுப் புத்தகமும் எழுதும். அலைக்கு அந்தப் பக்கமிருந்து அரிசி கொண்டுவந்தவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிசயம்.

ஆங்கிலேயர் உண்மையில் பாடம் படித்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. 1791 மே மாதம் அவர்களுடைய தளபதி கார்ன்வாலிஸ் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்டார். அரக்கெரேயில் சண்டையிலும் ஜெயித்தார். ஆனால் படையின் மாடுகள் தீனியில்லாமலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. சிப்பாய்களே தோள் கொடுத்துப் பீரங்கியை இழுத்தார்கள். கடைசியில் அவ்வளவு தூரம் கொண்டுவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட மராட்டியப் பாளையத்துக் கடைவீதியில்தான், யானை விலை கொடுத்து, அந்தப் படை வயிறாரச் சாப்பிட்டது.

அந்தக் கடைவீதிதான் விடை. அலெக்சாண்டர் ரீட் என்ற கேப்டன் லம்பாடித் தலைவர்களான நாயக்குகளோடு பேசி, தானியம் கொண்டுவந்தால் நல்ல விலை என்று ஏற்பாடு செய்தார். மாட்டைக் கம்பெனி வாங்கவில்லை, ஆளைச் சிப்பாயாக்கவும் இல்லை. வியாபாரி வியாபாரியாகவே படையோடு நடந்தான். தன் சரக்கைத் தானே விற்றான். லம்பாடியை எந்தப் பக்கத்துப் படையும் தொடுவதில்லை என்ற வழக்கமும் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் மறுபடி வந்தபோது தானியம் நிறைந்திருந்தது. திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுத்து உடன்படிக்கை செய்தார். அதில் கிடைத்த பாராமகால் பகுதிக்கு ரீடையே நிர்வாகியாக அனுப்பினார்கள்.

1799-லும் 1803-லும் ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு, இதே தாண்டாக்களை நம்பித் தக்காணத்தில் போரிட்டார். பிறகு ஸ்பெயினில் நெப்போலியனின் படைகளோடு மோதியபோது அந்நாட்டுக் கோவேறு கழுதைக்காரர்களை ஆயிரக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தினார். அந்தக் கழுதைப் பாதைக்கு நம் பொதி மாட்டுப் பாதைதான் பள்ளிக்கூடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாடு போய் மோட்டார் வந்த பிறகும் ஊரார் வண்டி போருக்குப் போவது நிற்கவில்லை. 1914 செப்டம்பரில் பாரிஸ் நகரத்து டாக்சிகள் சுமார் அறுநூறு, சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்முனைக்கு ஓடின. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அரசாங்கம் பணம் கொடுத்தது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, இதே கரையோரக் கடலில், நம்மவர்களை ஏற்றிச் சென்ற ரஜூலா, ரோணா கப்பல்கள் இரண்டாம் உலகப் போரில் துருப்புக் கப்பல்கள் ஆயின. ரஜூலா திரும்பி வந்து 1970-கள் வரை ஓடியது. ரோணா 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டு தாக்கி மூழ்கியது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இன்று பனிக்காலத்துக்கு முன் லடாக்குக்கு ராணுவச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகளிலும் பல வாடகைக்கு எடுத்த தனியார் லாரிகள்தான்.

வாடகை கொடுத்துக் கூப்பிடுவது ஒன்று. பிடித்துக்கொண்டு போவது வேறு. லம்பாடிக்கு விலை பேச முடிந்தது. ஏர் மாட்டைப் பறிகொடுத்த குடியானவனுக்கு அது முடியவில்லை. 1806-ல் வங்காளத்தில் கம்பெனி ஒரு சட்டமே போட்டது: படை போகும் வழியில் வண்டி, மாடு, சுமைகூலி, படகோட்டி எல்லாம் சேர்த்துக் கொடுப்பது கலெக்டர் பொறுப்பு. உழவு நேரத்தில் மாடு போனால் அந்த வருட விளைச்சல் போயிற்று. அதற்கு யார் கணக்கு எழுதினார்கள்?

விலை பேச முடிந்தவர்களும் தப்பவில்லை. 1805-ல் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கியது. பிறகு சாலை வந்தது, மாட்டு வண்டி பெருகியது, ரயில் வந்தது. கோணிப் பொதிக்கு வேலை இல்லாமல் போயிற்று. எந்தப் படைகள் இவர்களால் சாப்பிட்டனவோ, அவற்றின் அரசாங்கமே அலைந்து திரிபவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது. 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, உப்பு விற்று வாழ்ந்த குறவர்கள் அதில் சிக்கினார்கள். பிழைப்பைப் பிடுங்கியவர்களே கைரேகை வாங்கினார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நடை நின்ற இடங்களில் தாண்டாக்கள் ஊராயின. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிக் குடும்பங்கள் இன்று விவசாயம் செய்கின்றன. மறந்துபோக இருந்த பூத்தையலை அங்கே பெண்கள் திரும்பக் கற்று, 'போர்கை' என்ற பெயரில் துணி தைத்து விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். பழைய லம்பாடித் தையலில் கண்ணாடிச் சில்லும் சோழியும் சேர்ந்து வரும். தலைமாட்டின் கழுத்தில் கிடந்ததும் அதே சோழிதான்.