கோழிவலைத் தட்டும் சூடாகும் தட்டும்



நம்ம சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "சார், சாட்டிலைட் இன்டர்நெட் வந்தா, தட்டைத் தறிக்கூடத்துத் தகரக் கூரை மேலயே வெச்சுரலாமுங்களா?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். ஆனால் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது.

1969இல் விக்ரம் சாராபாய் முயற்சியில் நாசாவுடன் ஓர் ஒப்பந்தம் ஆனது. அதன் பலனைப் பார்க்க அவர் இல்லை, 1971இல் மறைந்துவிட்டார். 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. அங்கே வைத்த தட்டு எது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை! சுமார் 3 மீட்டர் அகலம். இஸ்ரோ அப்படி ஒன்றைக் கொழும்பில் ஆர்தர் கிளார்க் வீட்டிலும் வைத்துக் கொடுத்தது.

கம்பிவலை போதுமானதாக இருந்தது ஏன்? செயற்கைக்கோளில் 9 மீட்டர் அகல ஆண்டெனா இருந்தது. பாரத்தை வானம் சுமந்தது. ஊர்த்தட்டு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. பிறகு நம் மொட்டைமாடிகளுக்கு வந்த டி.டி.எச். தட்டும் கேட்கிற தட்டுதான். அதன் முனையிலுள்ள எல்.என்.பி.க்கு வேண்டிய சிறு மின்சாரம் கேபிள் வழியாகவே போய்விடும். சூடானது கீழேயிருந்த பெட்டிதான். எங்கள் வீட்டில் அதன்மேல் பூவேலைத் துணி போர்த்தியிருந்தோம். கோடையில் அடிக்கடி நின்றுபோகும். துணியை எடுத்ததும் சரியாயிற்று.

இன்டர்நெட் தட்டு கேட்டால் மட்டும் போதாது, பதிலும் பேச வேண்டும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. நூற்றுக்கணக்கான குட்டி ஆண்டெனாக்களும் சிப்புகளும் அவற்றைத் துரத்திக்கொண்டே இருக்கும். அங்கேதான் சூடு. 2021 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒருவருடைய தட்டு சுமார் 50 டிகிரியில் தானாகவே நின்றுவிட்டது. அவர் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தார். காற்றின் வெப்பத்தை விடத் தகரத்தின் வெப்பம் அதிகம் என்பது தறிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கணக்குப் பாடம். வழக்கமான வீட்டுத் தட்டுக்கு 75 முதல் 100 வாட். ஒரு சீலிங் ஃபேன் இரவும் பகலும் ஓடுவதுபோல. ஒரு நாளைக்கு 1.8 முதல் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 108 முதல் 144 யூனிட். 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய 100 இலவச யூனிட் அளவை இந்த ஒரு தட்டே தின்றுவிடும்!

2025 ஜூனில் நம் நாட்டில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதமே இலங்கையில் சேவை தொடங்கியது. ஆகவே இப்போதே சொல்லி வைக்கிறேன். தகரத்தில் படியாமல், அடியில் காற்றோடும்படி கம்பத்தில் ஏற்றுங்கள். பனி உருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நமக்கு எதற்கு அது? இரவில் தூங்கவைக்கும் நேரத்தைக் குறித்துவிடுங்கள். ரவுட்டரை அலமாரிக்குள் பூட்டாதீர்கள். இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் 25 முதல் 40 வாட்டில் ஓடும் மினி தட்டை யோசிக்கலாம்.

அன்று வானம் சுமந்த பாரத்தில் பாதி இன்று நம் கூரைக்கு இறங்கிவிட்டது. தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில்: தகரத்தின் மேல் வேண்டாம் கண்ணு.