குழந்தை விற்பனை வழக்கு: எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், ஜாமீன்... இதெல்லாம் என்ன?

2019 ஏப்ரலில் ஒரு ஆடியோ நாமக்கல் மாவட்டத்தையே உலுக்கியது. அதில் பேசப்பட்டது பச்சிளம் குழந்தைகளின் விலை. ராசிபுரத்தில் முன்னாள் செவிலியர் ஒருவர் கைதானார். விசாரணை கொல்லிமலை வரை நீண்டு, அங்கு வேலை பார்த்த ஆம்புலன்ஸ் டிரைவரும் சிக்கினார். வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது.

இதுபோன்ற செய்திகளில் அடிக்கடி வரும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். சொல்வது இதுதான்.

எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன?

கொலை, ஆள் கடத்தல் போன்ற, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றி போலீஸ் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை. மனு ரசீதான சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

மலையில் நடந்த குற்றத்துக்கு நாமக்கல்லில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதுதான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கைதானால்?

காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் வராது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டிய கொல்லிமலையில் இது முக்கியம். அதனால் எத்தனை மணிக்குக் கைது என்பதை உறவினர்கள் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ரிமாண்ட்?

விசாரணை முடியாத நிலையில் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு. ஜெயிலில் வைத்தால் நீதிமன்றக் காவல். போலீஸிடமே ஒப்படைத்தால் போலீஸ் காவல்; இது மொத்தம் 15 நாட்களைத் தாண்டக் கூடாது.

ஜாமீன் எப்போது?

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அது உரிமை. மற்றவற்றில் கோர்ட்தான் முடிவு செய்யும். ஆனால் குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கேட்டால் ஜாமீன் தந்தாக வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரிமாண்ட் ஆனதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஜாமீனில் வந்ததால் நிரபராதியும் ஆகிவிடுவதில்லை. அதைத் தீர்ப்புதான் சொல்லும்.