கணக்கில் வராத ஆயுதங்கள்

2003 பிப்ரவரி 5. நம்மூர் நேரம் இரவு ஒன்பது மணி வாக்கில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை விரல்களுக்கிடையே தூக்கிக் காட்டினார். ஆந்த்ராக்ஸ் கிருமி இத்தனூண்டு இருந்தால் போதும், என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். குப்பியில் இருந்தது வெறும் மாதிரிதான். ஆனாலும் எனக்கே வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் ஆபீசில் ஒரே விவாதம். "சதாம் ஒளித்துத்தான் வைத்திருக்கிறான், இல்லாவிட்டால் கணக்குக் காட்ட வேண்டியதுதானே?" என்றார் நண்பர் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் காற்றில் முளைத்ததல்ல. 1988 மார்ச்சில் ஹலப்ஜா என்ற குர்திய ஊரின் மேல் சதாமின் விமானங்கள் விஷவாயு குண்டுகளைப் போட்டன. ஆயிரக்கணக்கானோர் விழுந்த இடத்திலேயே இறந்தார்கள். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு போன ஐ.நா. ஆய்வாளர்களிடம் ஈராக் பலமுறை பொய் சொன்னது. கிருமி ஆயுதத் திட்டத்தை 1995 வரை மறைத்து வைத்திருந்தது. அப்படிப்பட்டவர் "இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை" என்றால் யார் நம்புவார்கள்?

சிக்கல் இங்கேதான். 8,500 லிட்டர் ஆந்த்ராக்ஸ் தயாரித்ததாக ஈராக்கே சொன்னது. 1991-லேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்றும் சொன்னது. ஆனால் ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு அழிக்கவில்லை. நம்பும்படியான ஆதாரமும் கொடுக்கவில்லை. ஆக, தயாரித்ததற்குக் கணக்கு உண்டு, அழித்ததற்குக் கணக்கு இல்லை. மீதி எங்கே?

2002 நவம்பர் 8-ல் பாதுகாப்பு சபை 1441-ஆம் தீர்மானத்தை 15 நாடுகளின் ஒருமித்த வாக்கில் நிறைவேற்றியது. ஈராக்குக்கு இது கடைசி வாய்ப்பு என்றது. டிசம்பரில் ஈராக் சுமார் 12,000 பக்கங்களுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், சுவீடன் நாட்டு சட்ட நிபுணர். அவர் ஈராக்குக்குச் சலுகை காட்டியவர் அல்ல. ஆனாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். ஒரு பொருள் கணக்கில் வரவில்லை என்பதால் அது இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, இருக்கலாம் என்பதையும் தள்ளிவிடக் கூடாது. இதுதான் அவர் பிப்ரவரி 14-ல் சபையில் சொன்னதன் சாரம். அதற்குள் அவருடைய ஆட்கள் 300-க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்துவிட்டார்கள். 150 கிலோமீட்டர் வரம்பை மீறிய ஏவுகணைகளை மார்ச் மாதம் ஈராக் உடைக்கவும் ஆரம்பித்தது. இன்னும் சில மாதங்கள் கொடுங்கள் என்றார் பிளிக்ஸ்.

மார்ச் 7-ல் அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடேய் இன்னொரு குண்டைப் போட்டார். ஈராக் நைஜர் நாட்டில் யுரேனியம் வாங்க முயன்றதாகச் சொல்லப்பட்ட ஆவணங்கள் போலி என்றார். அதைக் காதில் வாங்கும் நிலையில் யாரும் இல்லை. பிரிட்டனில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் மார்ச் 17-ல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். மறுநாள் அந்நாட்டு நாடாளுமன்றம் 412-க்கு 149 என்ற கணக்கில் போருக்குச் சம்மதித்தது. 20-ஆம் தேதி விடியற்காலை பாக்தாத்தில் குண்டுகள் விழுந்தன.

பிறகு தேடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட அமெரிக்கக் குழுவே ஒன்றரை ஆண்டுகள் தேடியது. 2004-ல் வந்த அதன் அறிக்கை, ஆயுதக் கையிருப்பு இல்லை, 1991-லேயே அழித்துவிட்டார்கள் என்றது. பவல் சொன்ன லாரி ஆய்வுக்கூடங்களுக்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் ஈராக்கியரின் வாக்குமூலம். 'கர்வ்பால்' என்பது அவருக்கு வைத்த ரகசியப் பெயர். சி.ஐ.ஏ. அவரை நேரில் விசாரித்ததே போர் தொடங்கி ஓராண்டு கழித்துத்தான். எல்லாம் கட்டுக்கதை என்று அவரே 2011-ல் ஒப்புக்கொண்டார். அந்த உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவலும் பின்னாளில் வருந்தினார்.

அப்படியானால் சதாம் ஏன் தெளிவாகக் கணக்குக் காட்டவில்லை? பிடிபட்ட பின் விசாரணையில் சொன்னார்: பக்கத்து வீட்டு ஈரானுக்குத் தன் பலவீனம் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம். காலி பெட்டிக்குப் பெரிய பூட்டு போட்டு வைத்திருந்தார். பூட்டைப் பார்த்தவர்கள் உள்ளே புதையல் என்று நினைத்தார்கள்.

இனி என் கதை. 1979-ல் நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டாக் வெரிஃபையர். ஒரு நாள் ஸ்டோர்ஸில் பித்தளை வால்வுகளை எண்ணினேன். லெட்ஜரில் 112, அலமாரியில் 74. ஷார்ட்டேஜ் 38. அத்தோடு நிறுத்தியிருந்தால் என் வேலை முடிந்தது. நான் "களவு போயிருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். அந்த ஸ்டோர் கீப்பர் ஏற்கெனவே ஒருமுறை தப்புக் கணக்கு எழுதி மாட்டியவர். அது போதாதா? சஸ்பெண்ட் ஆனார்.

மூன்று மாதம் கழித்து இஷ்யூ வவுச்சர்கள் கிடைத்தன. ஒரு ராத்திரி பிரேக்டவுனுக்கு அவசரமாக எடுத்துப் போன 38 வால்வுகள், லெட்ஜரில் வேறு பக்கத்தில் ஏறியிருந்தன. அவர் வேலைக்குத் திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். அதுவரை தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட என் பக்கத்தில் டப்பாவைத் திறக்கவில்லை.

'கணக்கில் இல்லை' என்பது உண்மை. 'ஒளித்து வைத்திருக்கிறான்' என்பது என் ஊகம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிதான். என் வரியால் ஒரு மனிதருக்கு மூன்று மாதம் பாதிச் சம்பளம். அங்கே அதே வரியால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஈராக்கியப் பொதுமக்கள் போனார்கள். 4,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் போனார்கள்.

ஓய்வு பெறும் வரை என் ரிப்போர்ட்டுகளில் எண்களை மட்டும்தான் எழுதினேன். ஆபீசில் அன்று நான் பேசாமல் இருந்ததும் அதனால்தான். ஆனால் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.