மில் முதல் பட்டறை வரை: மதுரைப் பகுதியில் தொழிற்கூட விபத்துக்குக் காரணம் கண்ட வரலாறு

மதுரையில் தேனி சாலையும் புறவழிச் சாலையும் கூடுகிற இடம் காளவாசல். அங்கிருந்து கிழக்கே, நடந்து போகும் தொலைவில், ஊரார் இன்றும் ஹார்வி மில் என்றே சொல்லும் பழைய மதுரா மில்ஸ். மேற்கே கோச்சடையில் வி-பெல்ட் செய்யும் பென்னர் ஆலை. இடையிலும் சுற்றிலும் லேத்துக் கடைகள், வெல்டிங் பட்டறைகள், வாகனப் பழுதுக் கூடங்கள். நூற்றாண்டு தாண்டிய தொழில் வரலாறு இந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஒருவருக்கு விரலோ உயிரோ போனபோது அதற்குக் காரணம் என்று எது எழுதப்பட்டது, அது காலந்தோறும் ஏன் மாறியது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. விபத்தின் காரணம் பற்றிய அறிவு படிப்படியாகத் தெளிந்துவந்தது. வேலையோ, அந்த அறிவைச் சட்டமாக்கிய கூரைகளை விட்டு வெளியே நகர்ந்துவந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இன்றைய விபத்துகளை விளக்க முடியாது என்பது என் கருத்து.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரா மில் 1892-இல் ஓடத் தொடங்கியது. அக்கால நூற்பாலையில் எஞ்சின் ஒன்றுதான். அது ஓட்டும் எந்திரங்கள் ஏராளம். நீராவி எஞ்சின் சுழற்றும் நெடுந்தண்டு கூரைக்கடியில் கூடத்தின் நீளத்துக்கும் போகும். அதிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுழற்றும். பட்டையைத் தள்ளிவிட்டுத் தனி எந்திரம் ஒன்றை நிறுத்திக்கொள்ளலாம். தண்டை அப்படி நிறுத்த வழியில்லை. வேட்டி நுனியோ துண்டோ தண்டில் சுற்றிக்கொண்டால், எஞ்சின் அறைக்குச் செய்தி போய் அது ஓய்கிற வரை ஆளை இழுத்துக்கொண்டேயிருக்கும். பஞ்சைப் பிரித்தடிக்கும் எந்திரத்தில் முள்ளுருளைக்கு முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்கத் தோன்றும். பஞ்சைச் சீவும் கார்டிங் எந்திரத்தின் பெரிய உருளை, பட்டையை விலக்கிய பிறகும் தன் எடையின் வேகத்தில் சுற்றிக்கொண்டேயிருக்கும். நின்றுவிட்டது என்று நம்பிக் கை வைத்தவரின் கதி சொல்லவேண்டியதில்லை. நூற்கும் எந்திரத்தின் பல்சக்கரப் பக்கத்தை ஓட்டத்திலேயே துடைப்பது இன்னொரு வழக்கம். நிறுத்தினால் நூல் குறையும், நூல் குறைந்தால் கூலி குறையும், மேஸ்திரியிடம் பேச்சும் விழும். ஓடும் எந்திரத்தில் கை வைத்தவரின் கணக்கு இது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் முதலில் எந்திரத்தைத்தான் பார்த்தது. 1881-இல் வந்த இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்கு வேலி போடவும் விபத்தை அரசுக்குத் தெரிவிக்கவும் சொன்னது. அச்சட்டத்துக்குப் பின்னால் தொழிலாளர் மீதான இரக்கம் இருந்த அளவுக்கு, இந்திய மில்களின் மலிவுக் கூலியைக் கண்டு மிரண்ட இங்கிலாந்தின் லங்காஷையர் மில் முதலாளிகளின் நெருக்குதலும் இருந்தது. நோக்கம் எதுவானாலும், அதன் தர்க்கம் நேர்மையானது: ஆள் தவறுவான், ஆகவே பல்சக்கரத்தை மூடு. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்போது இந்தத் தர்க்கம் முதிர்ந்துவிட்டது. ஓடும் நிலையில் எந்திரத்தைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால், தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் ஒருவர் மட்டுமே, நிர்வாகம் தந்த இறுக்கமான உடையில், பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட பிறகே அதைச் செய்யலாம் என்றது அது. பஞ்சு அழுத்தும் ஆலையில் பஞ்சு பிரிக்கும் எந்திரம் ஓடும் பகுதியில் பெண்களுக்கும் சிறாருக்கும் வேலை தரக்கூடாது என்றும் சொன்னது. இந்த வரிகளைப் படிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேட்டியையும் சேலையையும் இழுத்துக்கொண்ட ஏதோ ஒரு தண்டு சுழல்வது தெரிகிறது.

பிரிட்டனில் 1955-இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இத்தர்க்கத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனது. சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் அடிபட்ட தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கு அது. சக்கரத்தை முழுக்க மூடினால் சாணையே பிடிக்க முடியாதே என்றது நிறுவனம். பயன்படுத்த முடியாமல் போனாலும் மூடும் கடமை தீராது என்றது தீர்ப்பு. காளவாசல் பக்கத்து எந்தப் பட்டறையின் பெஞ்சு கிரைண்டர் முன்னால் நின்றும் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 1930-களிலிருந்து, உலகெங்கும் வேறொரு விளக்கம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஹெய்ன்ரிச் 1931-இல் வெளியிட்ட நூலில், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்பவை, 10 விழுக்காடுதான் எந்திர, இட நிலைமைகளால் என்று கணக்குக் காட்டினார். அவர் எண்ணியவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை நிர்வாகங்கள் எழுதிய அறிக்கைகளும். எழுதியவர் கணக்காளரோ மேற்பார்வையாளரோ என்றால், குற்றம் யார் தலையில் விழும் என்பதில் வியப்பென்ன? அதற்கும் முன்பே, முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வெடிமருந்து ஆலைகளில் வெர்னான் என்பவர் செய்த ஆய்வுகள், வேலை நேரம் நீள நீள விபத்து பெருகுவதையும் நேரத்தைக் குறைத்தால் அதுவும் குறைவதையும் காட்டியிருந்தன. களைப்பு, ஆளின் குணம் அல்ல. ஷிப்டு போட்டவரின் முடிவு. ஆனால் நம் ஆலைச் சுவர்களில் எழுதப்பட்டவை வெர்னானின் பாடம் அல்ல, கவனமாக இருக்கச் சொல்லும் வாசகங்களே.

தமிழ்நாட்டில் வேலை நேரம் பற்றிய இந்த விவாதம் பழங்கதையாகிவிடவில்லை. தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்புக்குப் பின் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது.

இழப்பீட்டுச் சட்டத்தின் வழி வேறு. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முதலாளியின் தவறை நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துவிட்டது. வேலையின்போது, வேலையினால் நேர்ந்த காயம் என்றாலே போதுமாயிருந்தது. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகவில்லை. போதை, வேண்டுமென்றே விதி மீறல், வேண்டுமென்றே காப்பை அகற்றுதல் ஆகியவையே விலக்குகளாக இருந்தன. ஒப்பந்ததாரர் வைத்த ஆளுக்கும் மூல நிறுவனமே பொறுப்பாக இருந்தது. அதன் அட்டவணையில் உடலுக்கு விலைப்பட்டியலே இருந்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, சுண்டுவிரல் 7. 1948-இன் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டம் இந்தச் சுமையைத் தனி முதலாளியிடமிருந்து காப்பீட்டு நிதிக்கு மாற்றியது. காயம்பட்டவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஈ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் இழப்பீட்டு வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் விபத்து எப்படி நேர்ந்தது என்று இரு தரப்பும் சாட்சி வைத்து வாதாடும் மேடையும் இல்லை. காரணம் தேடுவது படிவம் நிரப்புவதாகச் சுருங்கியதில் இதற்கும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

மின்சாரம் வந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருந்தியபோது நெடுந்தண்டும் அதன் பட்டைகளும் மறைந்தன. மில்களின் பழைய, மிகக் கொடிய காரணம் அத்தோடு போயிற்று. அதேசமயம் ஒரு மோட்டார், ஒரு எந்திரம், நான்கு ஆள் என்றாலே தொழில் நடத்தலாம் என்ற நிலையும் வந்தது. பட்டறைகள் பெருகியதன் தொழில்நுட்ப வேர் இதுதான்.

மதுரைக்குத் தெற்கே சிவகாசி வட்டாரத்தில், வேலை இப்படிச் சிறு கூரைகளுக்குள் சிதறியதன் உச்ச வடிவத்தைக் காணலாம். பட்டாசு ஆலை வெடித்ததும் நாளிதழில் வரும் வாசகம் நமக்கு மனப்பாடம்: மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு. உராய்வு உண்மைதான். ஆனால் வெடிபொருள் விதிகள் உராய்வு நேரும் என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை. சிறு அறைகள், அறைக்கு அறை இடைவெளி, உள்ளே இருக்கத்தக்க ஆள்களுக்கும் மருந்துக்கும் வரம்பு என எல்லாமே, ஓர் அறை போனால் அதோடு போகட்டும் என்ற கணக்கு. ஓர் அறையின் பொறி ஆலை முழுவதையும் கொண்டுபோகிறது என்றால், அந்த வரம்புகள் அதற்கு முன்பே மீறப்பட்டிருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் குறைந்தது 38 பேர் இறந்தனர். உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உரிமம் ஒருவர் பெயரிலும் அறைகள் குத்தகையாக வேறு கைகளிலும் இருந்தது வெளிவந்தது. அறைக்கு ஒரு குத்தகைதாரர், எண்ணிக்கைக்குக் கூலி, தீபாவளிக்குள் சரக்கு. மரத்தடியிலும் மருந்து அடைக்கப்படுவது இந்த ஏற்பாட்டின் விளைவு.

இனி ஆள்கணக்கு. எத்தனை பேர் வேலை செய்தால் ஓர் இடம் தொழிற்சாலையாகும் என்பதற்கு 1881-இல் 100 என்ற எண் இருந்தது. 1891-இல் 50, 1922-இல் 20. 1948-இல் மின்விசை இருந்தால் 10, இல்லையென்றால் 20. அறுபத்தேழு ஆண்டுகளாக இந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. அதாவது அரசின் பார்வை சிறிய கூரைகளுக்குள்ளும் நுழைந்துகொண்டே வந்தது. 2020-இன் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்த எண்களை 20, 40 என்று மீண்டும் ஏற்றியது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குப் பொதுக் கடமைகள் உண்டு, அபாயத் தொழில்களைத் தனியே அறிவிக்கவும் இடமுண்டு என்பது அதை ஆதரிப்போர் வாதம். தவறில்லை. ஆனால் 1881 முதலான போக்கு ஒன்று நாடு தழுவிய சட்டத்தில் முதன்முறையாகத் திரும்பியிருக்கிறது என்பதை வரலாறு எழுதுபவர் குறிக்காமல் விட முடியாது.

ஆறு பேர் வேலை செய்யும் லேத்துப் பட்டறை 1948-இன் கணக்கிலும் வரவில்லை, இப்போதும் வராது. அங்கே காப்பில்லாத கிரைண்டரோ, எர்த் இல்லாத வெல்டிங் இணைப்போ, அடியில் கை வைத்தாலும் இறங்கும் பவர் பிரஸ்ஸோ இருக்கிறதா என்று பார்க்க வருபவர் யாருமில்லை. வினோதம் என்னவென்றால், 1923-இன் இழப்பீட்டுச் சட்டம் அந்த ஆறு பேருக்கும் பொருந்திவந்தது. மின்விசையில் உற்பத்தி நடக்கும் இடம் என்பதே அதற்குப் போதுமாயிருந்தது, ஆள்கணக்கு கேட்கவில்லை. விரல் போகாமல் காக்கக் கடமை இல்லாத இடத்தில், போன விரலுக்குப் பணம் தரும் கடமை மட்டும் இருந்திருக்கிறது. அந்தப் பணத்தைக் கேட்டுப் போனவர் எத்தனை பேர் என்று அறிய, தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகக் கோப்புகளையும் மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காளவாசல் போன்ற பட்டறைப் பகுதிகளின் விபத்து வரலாற்றுக்கு, ஆலை ஆய்வாளர் அறிக்கைகளைவிட அந்தப் பதிவேடுகளே நெருக்கமான சான்று.