வீட்டை இழுத்துக்கொண்டு போனவர்கள்

நோமாட்லாண்ட் படத்தை நாங்கள் கூட்டமாக இருந்து பார்த்துவிட்டு எழும்பும்போது, படத்தைப் பற்றிய கதையை விட்டுட்டு வானைப் பற்றித்தான் வாக்குவாதம் தொடங்கியது. பிரான்சிஸ் மக்டோர்மண்ட் நடித்த அந்தப் பெண் ஒரு சின்ன வெள்ளை வானுக்குள் படுக்கிறார், சமைக்கிறார், வாளிக்குள் மலம் கழிக்கிறார். பக்கத்தில் நிற்கிறவர்களிடம் பஸ் அளவில் பெரிய வண்டிகள் இருக்கு. சிலரிடம் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டி வீடு இருக்கு. எல்லாரும் வீடில்லாதவர்கள்தானே, பிறகு ஏன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று? 'காசுதான் மச்சான், வேற என்ன' என்று ஒருவர் முடித்துவைக்கப் பார்த்தார். காசுதான். ஆனால் காசு மட்டும் இல்லை என்று தோன்றியதால்தான் வாசிக்கத் தொடங்கினோம்.

அமெரிக்காவில் இந்த வண்டி விற்கிற கடைக்குப் போனால் பொதுவாக மூன்று வகைகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுவார்கள். ஒன்று, காரோ பிக்கப்போ இழுத்துக்கொண்டு போகும் முழுச்சுவர் வைத்த ட்ரெய்லர். இரண்டாவது பொப்-அப்: போகும்போது தட்டையான பெட்டி, நின்ற இடத்தில் கூரையை உயர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டால் கன்வஸ் சுவரோடு கூடாரம். மூன்றாவது மோட்டர் ஹோம், எஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பது. எங்கட பக்கத்தில் ட்ரெய்லர் என்றால் உழவு மெசினின் பெட்டிதான். 95 இடப்பெயர்வில் அந்தப் பெட்டிகளில் பாய், சட்டி, பானை, அம்மம்மா எல்லாம் ஏறிப் போன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் சந்தோசத்துக்காக வீட்டைக் கொழுவிக்கொண்டு போவது என்பது எங்களுக்கு முதலில் கொஞ்சம் விளங்காத விசயம்.

சந்தோசத்துக்காகப் போன ஆரம்பகாலத்து ஆட்களில் பெயர் பெற்றவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், பையன்களுக்குச் சாகசக் கதை எழுதிப் பிழைத்தவர். 1885ல் பிரிஸ்டலில் ஒரு வண்டிக் கம்பனியிடம் சொல்லி 'வொண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்தார். இரண்டு குதிரை, ஒரு வண்டிக்காரன், ஒரு வேலையாள், ஒரு நாய், ஒரு கொக்கட்டூ கிளி. வேலையாள் மூன்று சில்லு சைக்கிளில் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்லுவான். அப்படியே இங்கிலாந்தின் தெற்கிலிருந்து இன்வெர்னஸ் வரை போனார். அடுத்த வருசம் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

இந்த வண்டி அவருக்கு எங்கேயிருந்து வந்த யோசனை? அந்த வீதிகளில் ஏற்கெனவே ரோமா மக்களின் மரவண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு அது வீடு, தொழில், குடும்பம் எல்லாம். ஸ்டேபிள்ஸுக்கு அது கோடைகாலம். 1907ல் பிரிட்டனில் கரவான் கிளப் தொடங்கியபோது அவர் அதன் உபதலைவர். ரோமா மக்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், 1960ல் வந்த சட்டம் கரவான்கள் நிற்கும் இடங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாக்கி, அவர்கள் காலகாலமாகத் தங்கின இடங்களை மூடவைத்தது. 1968ல் உள்ளூராட்சி சபைகள் அவர்களுக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1994ல் அந்தக் கடமையையும் எடுத்துவிட்டார்கள். ஒரே மாதிரி வண்டி, ஒரே வீதி. ஒருவர் போனால் உல்லாசம், மற்றவர் போனால் பொலிஸ்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே பணக்காரர்கள் 1910லேயே பியர்ஸ்-அரோ கம்பனி செய்த, படுக்கையாக மாறும் இருக்கையும் கைகழுவும் தொட்டியும் வைத்த காரை நியூயோர்க்கில் பார்த்து வாங்கலாம். சனங்களை வீதிக்குக் கொண்டுவந்தது அது இல்லை, ஃபோர்டின் மொடல் டி. 1908ல் 850 டொலராக இருந்த அதன் விலை 1920களின் நடுவில் 300 டொலருக்கும் கீழே வந்துவிட்டது. 1919ல் புளோரிடாவின் டம்பாவில் ஒரு பூங்காவில் கூடின ஆட்கள் தங்களுக்கு 'டின் கான் டூரிஸ்ட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அடையாளம், காரின் றேடியேற்றர் மூடியில் ஒட்டவைத்த ஒரு தகரப்பேணி. காருக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து, பேணிச் சாப்பாடு சாப்பிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கிற இவர்களைப் பற்றி புளோரிடாக்காரரிடம் ஒரு பகிடி இருந்ததாம்: ஒரு சேட்டும் ஒரு இருபது டொலர் நோட்டும் கொண்டு வருவினம், இரண்டையும் மாத்தவே மாட்டினம்.

இனித்தான் எங்களுக்குப் பிடித்த கதை. டிட்ரோய்ட்டில் ஆர்தர் ஷேர்மன் என்று ஒரு பக்டீரியா ஆய்வாளர், மருந்துக் கம்பனி நடத்தினவர். 1929ல் குடும்பத்தோடு சுற்றுலா போக மடிப்புக் கூடாரப் பெட்டி ஒன்று வாங்கினார். ஐந்து நிமிசத்தில் விரிக்கலாம், தண்ணி உள்ளே வராது என்று விளம்பரம். முதல் இரவே மழை. ஐந்து நிமிசமும் போய், அதற்கு மேலும் போய், மனிசனுக்கு விரிக்கத் தெரியவில்லை. எல்லாரும் தொப்பலாக நனைந்துபோனார்கள். திரும்பி வந்தவர், சுவரெல்லாம் மரப்பலகையில் உறுதியாக நிற்கிற ஒரு பெட்டியைத் தானே வரைந்து செய்வித்தார். பிள்ளைகள் 'கவர்ட் வகன்' என்று பெயர் வைத்தார்கள், பழைய குடியேறிகளின் மூடுவண்டியின் பெயர். பார்த்தவர்கள் எல்லாம் எங்களுக்கும் ஒன்று என்று கேட்க, 1930 டிட்ரோய்ட் கார் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். சில வருசத்துக்குள் அவருடைய கம்பனிதான் அமெரிக்காவிலேயே பெரிய ட்ரெய்லர் கம்பனி.

பொப்-அப்பா ட்ரெய்லரா என்ற கேள்விக்கு இன்றைக்கும் கடையில் சொல்லும் பதில் அந்த ஒரு இரவில்தான் இருக்கு. மடிப்புப் பெட்டி இலேசு, சின்னக் காரே இழுக்கும், தட்டையாக இருப்பதால் காற்று அடித்து ஆட்டாது, வீட்டு கராஜுக்குள்ளேயே நிற்பாட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டைக் கட்டவேண்டும், ஈரத்தோடு மடித்து வைத்தால் கன்வஸ் பூஞ்சணம் பிடிக்கும். முழுச்சுவர்ப் பெட்டி கதவைத் திறந்தால் வீடு. அதற்குப் பலமான வாகனம் வேண்டும். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும் (உழவு மெசின் ஓட்டினவர்களுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை).

ஷேர்மனின் காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் என்பதை மறக்கக்கூடாது. வேலையும் வீடும் போனவர்கள் விடுமுறைக்குச் செய்த பெட்டிக்குள் குடியிருக்கத் தொடங்கினார்கள். ரொஜர் பப்சன் என்ற பெயர் பெற்ற பொருளாதார ஆரூடக்காரர், இருபது வருசத்தில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் ட்ரெய்லரில்தான் வாழப்போகிறார்கள் என்றார். நகரசபைகள் பயந்துபோய், இத்தனை நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, ஊருக்குள் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டன. பிறகு உலகப்போர் வர, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்த தொழிலாளரை இருத்த அரசாங்கமே ட்ரெய்லர்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது. போர் முடிந்த பிறகுதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. 1954ல் எல்மர் ஃபிரே பத்தடி அகலத்தில் ஒரு பெட்டி செய்து அதை 'மொபைல் ஹோம்' என்றார். அந்த அகலத்தைச் சாதாரணக் கார் இழுக்காது, ஒருதரம் லொறி கொண்டுவந்து இறக்கினால் அங்கேயே நிற்கும். ஏழைகள் வாழும் பெட்டி ஒருபக்கம், வசதியுள்ளவர்கள் சுற்றும் பெட்டி மறுபக்கம். பெயர்தான் மொபைல்.

சுற்றும் பெட்டிக்கு உருவம் கொடுத்தவர் எயர்ஸ்ட்ரீம் கம்பனியின் வொலி பயம். ஆனால் அந்த வெள்ளி நிறத்து, ஆணி அடித்த அலுமினிய உடம்பை முதலில் செய்தவர் கிளைடர் விமானம் கட்டின ஹோலி போலஸ், 1934ல். அந்தக் கம்பனி நொடித்துப் போக, 1936ல் பயம் அதே வழியில் 'கிளிப்பர்' என்ற ட்ரெய்லரை 1,200 டொலருக்கு விற்றார். வீழ்ச்சிக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை. பிறகு அவர் வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டு நாடு நாடாக ஊர்வலம் போனார். 1959-60ல் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை அப்படி ஒரு பயணம். ஆபிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அமெரிக்கக் குடும்பங்கள் வெள்ளிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் வடக்கே போய்க்கொண்டிருந்தன. அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் என்ன நினைப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அழகாகத்தான் இருக்கு.

அதே காலத்தில் கறுப்பின அமெரிக்கர் ஒருவர் தன் நாட்டுக்குள்ளேயே கார் ஓட்டிப் போகவேண்டுமென்றால் கையில் ஒரு பச்சைப் புத்தகம் வேண்டும். நியூயோர்க் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936ல் தொடங்கியது அது: எந்த ஊரில் எந்த விடுதி அவர்களுக்குக் கதவு திறக்கும், எங்கே சாப்பாடு தருவார்கள் என்ற பட்டியல். 1960களின் நடுப்பகுதி வரை வந்தது. முகாம் போட்டால் பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம். வெர்ஜினியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 1939ல் திறந்த லூயிஸ் மவுண்டன் முகாம், கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கின இடம். எந்த வண்டி வாங்குவது என்பதற்கு முதல், அதை எங்கே நிற்பாட்ட விடுவார்கள் என்ற கேள்வி சிலருக்கு இருந்தது.

மோட்டர் ஹோமின் கதை கடைசியாகத்தான் தொடங்குது. ஜேர்மனியில் 1950களிலேயே வெஸ்ட்பாலியா கம்பனி வொக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கையும் அலுமாரியும் வைத்துக் கொடுத்தது. அமெரிக்காவில் மிச்சிகன்காரர் ரே ஃபிராங்க் 1958ல் தன் குடும்பத்துக்காக ஒன்று கட்டி, பிறகு விற்கத் தொடங்கினார். ஆனால் விலை சாமானியருக்கு எட்டாது. எட்டவைத்தது ஐயோவா மாநிலத்தின் ஃபொரஸ்ட் சிட்டி என்ற சின்ன விவசாய ஊர். இளம் ஆட்கள் வேலையில்லாமல் வெளியேறிக்கொண்டிருக்க, ஊர்க்காரர் சேர்ந்து 1958ல் ஒரு கலிபோர்னியா ட்ரெய்லர் கம்பனியின் கிளையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அது தடுமாறியபோது பொறுப்பெடுத்தவர் ஜோன் ஹன்சன். தளபாடக் கடையும் மரணச்சடங்குச் சேவையும் நடத்தினவர். 1966ல் இருந்து தொழிற்சாலை வரிசையில் மோட்டர் ஹோம் செய்து, மற்றவர்களின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு விற்றார். கம்பனியின் பெயர் வின்னபேகோ. பல அமெரிக்கர்கள் எல்லா மோட்டர் ஹோமையும் அந்தப் பெயராலேயே சொல்லுமளவுக்கு ஓடியது.

ஓடிக்கொண்டே பின்னால் போய்த் தேத்தண்ணி ஊற்றலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. மறுபக்கம், பாண் வாங்கப் போனாலும் வீட்டையே எடுத்துக்கொண்டு போகவேணும். எஞ்சின் பழுதானால் வீடே கராஜுக்குப் போய் நிற்கும், நீங்கள் வெளியில். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது முதலில் விழுந்தது இந்த வண்டிகளின் விற்பனைதான். எரிபொருளுக்கு வரிசையில் நிற்கிறவன் அதை வாங்குவானா? 2022ல் கியூவில் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2005ல் கத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்த பிறகு ட்ரெய்லர் மறுபடியும் இடம்பெயர்ந்தவர்களின் வீடாகியது. ஃபீமா என்ற அரச நிறுவனம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வாங்கிச் சனங்களை இருத்தியது. கொஞ்ச நாளில் கண் எரிவு, இருமல், மூக்கில் இரத்தம் என்று முறைப்பாடுகள். 2008 தொடக்கத்தில் அரச சுகாதார அதிகாரிகள் 519 பெட்டிகளைச் சோதித்து, பலவற்றில் ஃபோர்மல்டிஹைட் வாயு சாதாரண வீடுகளில் உள்ளதைவிட மிக அதிகம் என்று சொன்னார்கள். பலகைகளை ஒட்டின பசையிலிருந்து வருவது. சின்ன இடம், அடைத்த யன்னல், தெற்கத்தி வெக்கை. இரண்டு கிழமை விடுமுறைக்குச் செய்த பெட்டிக்குள் வருசக்கணக்கில் மூச்சு விட்டால் அப்படித்தான்.

வின்னபேகோ என்ற பெயரில் கொஞ்சம் நிற்கவேண்டும். கம்பனி அதைத் தன் மாவட்டத்தின் பெயரிலிருந்து எடுத்தது. மாவட்டம் அதை ஒரு மக்களின் பெயரிலிருந்து எடுத்தது. அதுவும் அவர்கள் தங்களை அழைக்கும் பெயர் இல்லை, பக்கத்து மக்கள் வைத்தது, நாற்றமடிக்கும் தண்ணீர்க்காரர் என்ற மாதிரி ஒரு பொருள். அவர்கள் தங்களைச் சொல்லுவது ஹோ-சங்க். ஊர் விஸ்கொன்சின். 1837ல் எழுதிவாங்கின ஒப்பந்தத்தோடு நிலம் போய், ஐயோவாவுக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கிருந்து 1840களின் கடைசியில் மினசோட்டாவின் நடுப்பகுதி, 1855ல் அதன் தெற்கு, 1863ல் தெற்கு டக்கோட்டாவின் வரண்ட நிலம். அங்கே பட்டினி தாங்காமல் தப்பி, 1865ல் நெப்ராஸ்காவில் ஒரு துண்டு நிலம். முப்பது வருசத்துக்குள் இத்தனை தரம் பெயர்க்கப்பட்ட மக்களின் பெயர்தான், ஊர் சுற்றிப் பார்க்கும் வண்டியின் பக்கத்தில். எழுபதுகளில் அந்தக் கம்பனி விற்ற வண்டிகளின் பெயர்கள் பிரேவ், சீஃப்டன், இந்தியன்.

ஹோ-சங்க் மக்களில் ஒருபகுதியினர் ஒவ்வொரு தடவையும் நடந்தே விஸ்கொன்சினுக்குத் திரும்பி வந்தார்கள். 1873-74 குளிர்காலத்தில் படையினர் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து மறுபடியும் நெப்ராஸ்காவுக்கு அனுப்பினார்கள். அவர்களிலும் பலர் திரும்பி வந்தார்கள். 1994ல், விஸ்கொன்சினில் இருப்பவர்கள் தங்கள் அரசியலமைப்பில் பெயரை ஹோ-சங்க் நேஷன் என்று மாற்றி எழுதினார்கள்.