ஒரு கோட்டை, இரண்டு கவர்னர்கள்

என் பேரனுக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். வேலை பார்ப்பதென்னவோ திருவண்ணாமலையில், எங்கள் வீட்டு மாடி அறையில். கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேரை அவன் நேரில் பார்த்ததே இல்லையாம். "முகம் பார்க்காமல் எப்படியப்பா ஒத்துப்போகிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்கே தாத்தா ஒத்துப்போகிறோம்!" என்றான்.

எனக்கு 1746 ஞாபகம் வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் டூப்ளேயும் வீரர், லபோர்தொனேயும் வீரர். இருவரும் மோதிக்கொண்டதை மட்டும் வாத்தியார் அவசரமாகத் தாண்டிவிடுவார்.

டூப்ளே புதுச்சேரி கவர்னர். லபோர்தொனே மொரீசியஸ் தீவின் கவர்னர்; கப்பற்படையுடன் வந்தவர். மேலிடம் பாரிஸில். ஒரு கடிதம் போய்ச்சேரவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு. அதனால் இருவருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். கடலில் லபோர்தொனே பெரியவர், இந்திய மண்ணில் டூப்ளே பெரியவர். சரி, கடலிலிருந்து இறங்கி ஒரு கோட்டையைப் பிடித்தால் அது யார் கணக்கு?

அந்தக் கேள்வி செப்டம்பரில் வந்தது. லபோர்தொனே சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு இங்கிலீஷ்காரர்களிடமே திருப்பித் தருவதாகப் பேசிமுடித்தார். டூப்ளேயோ சென்னையைத் தருவதாக ஆற்காட்டு நவாபுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்! சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சூடு.

நேரில் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே என்பீர்கள். ஜூலையிலேயே புதுச்சேரியில் சந்தித்தார்கள். மரியாதை விஷயத்திலேயே மனஸ்தாபம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த நாட்களைப் படிக்கலாம். அதே பிள்ளைக்கும் டூப்ளேவுக்கும் நேர்ப்பேச்சு நன்றாகவே பலித்தது. அவர் அடிக்கடி கவர்னர் மாளிகைக்குப் போவார், காதில் விழுந்ததைச் சொல்வார், கவர்னரின் முகம் பார்த்துப் பேச்சை மாற்றுவார். கடிதத்தில் அது நடக்காதுதான். ஆனால் அங்கே யார் எஜமானர் என்ற சந்தேகம் இருவருக்குமே இல்லை.

நான் சர்க்கார் ஆபீசில் காலமெல்லாம் கோப்பு தள்ளியவன். கடைசிக் கையெழுத்து யாருடையது என்று தெரியாவிட்டால், இரண்டு அதிகாரிகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் கோப்பு நகராது.

அக்டோபர் நடுவில் அடித்த புயலில் லபோர்தொனேயின் கப்பல்கள் பல சேதமாயின. மிஞ்சியதுடன் கிளம்பினார். அவர் செய்த உடன்படிக்கையைப் புதுச்சேரி செல்லாதென்றது. பிரான்ஸ் திரும்பியவரை பஸ்தீய் சிறையில் போட்டார்கள். 1751-ல் குற்றமற்றவர் என்று விடுதலை, இரண்டே வருஷத்தில் மரணம். சென்னையோ 1748 உடன்படிக்கைப்படி, கனடாவிலிருந்த லூயிபூர்க் கோட்டைக்கு ஈடாக இங்கிலீஷ்காரர்களிடமே திரும்பிப் போயிற்று. டூப்ளேயை 1754-ல் திருப்பி அழைத்தார்கள். 1763-ல் கடனாளியாக இறந்தார்.

பேரனிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எங்களுக்கும் மேனேஜர் ரெண்டு பேர், தாத்தா" என்றான்.