பாடமும் நூலக ஆய்வு வழிகாட்டியும்

நூற்பட்டியலும் ஆய்வு வழிகாட்டியும் ஒன்றல்ல. ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல், அதுவரை அச்சேறிய நூல்களை வகைப்படுத்திக் காட்டியது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அதனை நாடுகின்றனர். ஆயின், கட்டுரை எழுதப் பணிக்கப்பெற்று, எந்நூலை முதலில் எடுப்பது எனத் திகைக்கும் மாணவர்க்குப் பட்டியல் விடை தருவதில்லை. அத்திகைப்பைப் போக்க எழுந்ததே ஆய்வு வழிகாட்டி. இன்று பல்கலைக்கழக நூலகங்களின் இணையப் பக்கங்களில் காணப்பெறும் அவ்வழிகாட்டிகளின் வரலாறு, பெரும்பாலும் அமெரிக்க நூலகங்களைச் சார்ந்ததாகும்.

டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மாண்டீத் கல்லூரியில், 1960களின் தொடக்கத்தில் பாட்ரீசியா நாப் ஒரு சோதனையை மேற்கொண்டார். நூலகப் பயிற்சியைத் தனி வகுப்பாக நடத்தாமல், பாடத்தின் எழுத்துப் பணிகளோடு பிணைத்தலே அதன் நோக்கம். அப்பணிகளை ஆசிரியரும் நூலகரும் கூடி வகுத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. 1966இல் வெளிவந்த அவரது அறிக்கை, மாணவரைப் பற்றிப் பேசும் அளவிற்கு ஆசிரியர்க்கும் நூலகர்க்கும் இடையிலான உறவைப் பற்றியும் பேசுகின்றது. பின்வந்த வழிகாட்டிகளின் குறைநிறைகளை அறிய அப்பகுதியே பெரிதும் உதவும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற இன்ட்ரெக்ஸ் திட்டத்தையொட்டி 'பாத்ஃபைண்டர்' என்னும் தாள் வழிகாட்டிகள் தோன்றின. இவற்றைப் பற்றி மேரி கேன்ஃபீல்டு 1972இல் எழுதினார். குறுகிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் எல்லை, அறிமுக நூல், பட்டியலில் தேடற்குரிய பொருள்தலைப்பு, கைநூல், சுருக்கத் தொகுப்பு, ஆய்விதழ் எனத் தேடலின் முதற்படிகளை அவை முறைப்படுத்தின. முழுமை அவற்றின் குறிக்கோளன்று. தாளின் சிறுமை, நூலகரைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. அதுவே அவ்வடிவின் வலிமை எனலாம்.

1990களில் வழிகாட்டிகள் இணையத்திற்கு மாறியபோது அவ்வெல்லை அகன்றது. வரலாறு, உயிரியல் எனத் துறைதோறும் நீண்ட இணைப்புப் பட்டியல்கள் பெருகின. உழைப்பு மிகுந்தது, பயன்படுத்தியோர் சிலரே. இதனை ஆராய்ந்த பிரெண்டா ரீபும் சூசன் கிப்பன்சும் 2004இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. இளங்கலை மாணவர் துறையை நோக்கிச் சிந்திப்பதில்லை, தாம் பயிலும் பாடத்தை நோக்கியே சிந்திக்கின்றனர். ஆதலின் வழிகாட்டியும் பாடத்திற்குரியதாதல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். நாப் கண்ட உண்மையே நாற்பதாண்டுகட்குப் பின் வேறொரு வாயிலால் மீண்டும் வந்தது.

ஸ்பிரிங்ஷேர் நிறுவனம் 2007இல் லிப்கைட்ஸ் மென்பொருளை வெளியிட்டபின், கணினி நிரல் அறியாத நூலகரும் பாடந்தோறும் பக்கம் அமைத்தல் எளிதாயிற்று. பழைய பக்கத்தைப் படியெடுத்துப் பாடப் பெயரை மட்டும் மாற்றுதலும் அவ்வாறே எளிதாயிற்று! ஆசிரியர் கட்டுரைப் பணியோடு சேர்த்துச் சுட்டிய பக்கத்தை மாணவர் திறக்கின்றனர். சுட்டாத பக்கம் நூலகத் தளத்தின் ஒரு மூலையில் கிடக்கின்றது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காத்தலைக் கூறுவது. அவ்விதியைத் தமிழ்த்துறைப் பாடம் ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். பதிற்றுப்பத்தின் பதிகங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என ஆராயும் மாணவர்க்குச் 'சங்க இலக்கியம்' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் அமைந்த நூறு இணைப்புகள் சுமையே. உ. வே. சாமிநாதையரின் 1904ஆம் ஆண்டுப் பதிப்பில் பதிகங்கள் அமைந்துள்ள முறையை முதலில் காண்க, பழைய உரையை அடுத்துக் காண்க, அதன்பின் சேரர் காலவரையறை பற்றிய கட்டுரைகளுக்குச் செல்க என ஒரு பக்கம் கூறுமாயின் அவர் தேடல் அங்கே தொடங்கிவிடும். அவ்வரிசையை நூலகர் தனித்து வகுத்தல் அரிது; அவ்வினாவை வகுப்பில் எழுப்பிய ஆசிரியரும் உடனிருத்தல் வேண்டும்.